தோமார் கோட்டையோடு முடிந்துவிடவில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த போர்ச்சுகல் பயணக் கட்டுரையில் தோமார் நகரைப் பற்றிய பகுதியை ஆவலோடு படித்தேன். படங்கள் அருமை. ஆனால் கட்டுரை டெம்ப்ளர் என்ற சிலுவைப்போர்த் துறவிச் சபையின் வீரர்கள், அவர்களுடைய கோட்டை, எங்கோ புதைத்து வைத்ததாகச் சொல்லப்படும் புதையல் என்று மலைமேலேயே நின்றுவிட்டது. மலையடிவாரத்தில் நபாவ் ஆற்றங்கரையில் இருக்கும் ஊரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. போர்ச்சுகல் வரலாற்றைப் பல ஆண்டுகளாக ஆர்வத்தோடு படித்துவரும் எனக்கு இது பெரிய குறையாகப் பட்டது.

கோட்டையின் பெருமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1160-இல் டெம்ப்ளர் தலைவர் குவால்தீம் பாயிஷ் அதைக் கட்டத் தொடங்கினார். 1190-இல் வட ஆப்பிரிக்க முஸ்லிம் அரசான அல்மொஹத்தின் படை முற்றுகையிட்டபோது அது தாக்குப்பிடித்தது. 1312-இல் போப்பாண்டவர் டெம்ப்ளர் சபையைக் கலைத்தார். மன்னர் தினிஷ் அதன் சொத்துகளை வெளியே போகவிடாமல், 1319-இல் கிறிஸ்து சபை என்ற புதிய சபையிடம் சேர்ப்பித்தார். புதையலைத் தேடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது இந்த ஏற்பாட்டைத்தான். அந்தச் சபைக்குப் பின்னாளில் தலைமை வகித்தவர் கடலோடி இளவரசர் என்று பெயர் பெற்ற ஹென்றி. போர்ச்சுகீசியக் கப்பல்களின் பாய்களில் இருந்த சிவப்புச் சிலுவை அந்தச் சபையின் சின்னம். 1514-இல் ஃபுஞ்சால் மறைமாவட்டம் அமையும்வரை, கடல்கடந்த நாடுகளில் எழுந்த போர்ச்சுகீசியத் தேவாலயங்கள் தோமாரில் இருந்த தலைமைக் குருவின் அதிகாரத்துக்கு உட்பட்டிருந்தன. இந்தியக் கடற்கரையின் வரலாற்றைப் படிப்பவர்கள் தோமாரைத் தெரிந்துகொள்ள இது ஒன்றே போதுமான காரணம். உங்கள் கட்டுரை இதைத் தொடவேயில்லை.

அதைவிட என்னை வருத்தியது, யூதர் தெருவை விட்டுவிட்டதுதான். பழைய ஊரின் குறுகலான ஒரு தெருவில், வீடுகளோடு வீடாக, 15-ஆம் நூற்றாண்டில் கட்டிய யூதர் தொழுகைக்கூடம் நிற்கிறது. போர்ச்சுகலில் யூதர்கள் வெளியேற்றப்படுவதற்கு முன்பு எழுந்த தொழுகைக்கூடங்களில் இவ்வளவு முழுமையாக மிஞ்சியது வேறில்லை. சதுரமான சிறிய கூடம்; நான்கு மெல்லிய தூண்கள் விதானத்தைத் தாங்குகின்றன. ஓதும் குரல் நன்றாக ஒலிக்க வேண்டும் என்று சுவரின் மேல்மூலைகளில் மண்பானைகளைக் கவிழ்த்துப் பதித்திருக்கிறார்கள். மலைமேல் இருக்கும் அலங்காரங்கள் எல்லாவற்றையும்விட இந்தப் பானைகள்தான் என்னை அதிகம் கவர்ந்தவை.

1496 டிசம்பரில் மன்னர் மனுவேல் வெளியேற்ற ஆணை பிறப்பித்தார். மறு ஆண்டு யூதர்களுக்குக் கட்டாய ஞானஸ்நானம் நடந்தது. அதன்பின் இந்தக் கூடம் சிறையானது, சிற்றாலயமானது, வைக்கோல் போடும் இடமானது, சரக்குக் கிடங்குமானது. 1921-இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1923-இல் அதைச் சொந்தப் பணத்தில் வாங்கியவர் சாமுவேல் ஷ்வார்ட்ஸ் என்ற சுரங்கப் பொறியாளர். போலந்தில் பிறந்த யூதர் அவர். பெல்மோந்த் ஊரில் நானூறு ஆண்டுகளாகத் தங்கள் மதத்தை மறைத்து வாழ்ந்த யூதக் குடும்பங்களை வெளியுலகுக்குச் சொன்னவரும் அவரே. கூடத்தைச் சீர்செய்து, அருங்காட்சியகம் ஆக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு 1939-இல் போர்ச்சுகல் அரசுக்கு நன்கொடையாகக் கொடுத்தார். ஐரோப்பாவில் யூதர்களுக்கு என்ன நடந்துகொண்டிருந்த ஆண்டு அது என்பதை வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அருங்காட்சியகத்துக்கு ஆபிரகாம் சக்கூத்தோவின் பெயர் வைத்திருக்கிறார்கள். ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டு வந்து, போர்ச்சுகல் அரசவை வானியலாளராக இருந்தவர். சூரியனின் நிலையைக் கணிக்கும் அவருடைய அட்டவணைகள் 1496-இல் லெய்ரியாவில் அச்சாயின. கப்பலோட்டிகள் நடுக்கடலில் தாங்கள் இருக்கும் அட்சரேகையைக் கணக்கிட அவை உதவின. வாஸ்கோ ட காமாவின் பயண ஏற்பாட்டிலும் அவருக்குப் பங்கு உண்டு. 1496 இறுதியில் வந்த வெளியேற்ற ஆணையால் அவரும் நாட்டை விட்டுப் போக வேண்டியதாயிற்று. கோழிக்கோட்டுக்குக் கப்பல் வந்த கதையைப் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இந்த மனிதரைப் பற்றி யாரும் சொல்வதில்லை.

இன்னும் இருக்கிறது. சுமார் 6 கி.மீ. நீளமுள்ள பெகோயிஷ் கல்வாய்க்கால் மலைமேல் இருந்த கிறிஸ்து சபையின் மடத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தது. 1593-இல் வேலை தொடங்கி 1614-இல் முடிந்தது. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஜூலையில் நடக்கும் தட்டுத் திருவிழாவில், பெண்கள் தங்கள் உயரத்துக்கு ரொட்டிகளையும் காகிதப் பூக்களையும் அடுக்கித் தலையில் சுமந்து வருகிறார்கள். ஊர்வலம் முடிந்ததும் ரொட்டியும் இறைச்சியும் பங்கிட்டுக் கொடுப்பது வழக்கம். கடைசியாக 2023-இல் நடந்தது.

பயணத் தொடர் இன்னும் சில இதழ்களுக்கு வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் ஒன்றிலாவது தோமாருக்கு மறுபடி இடம் கொடுங்கள். யூதர் தெருவின் படம் ஒன்றும், ஷ்வார்ட்ஸைப் பற்றி ஒரு பத்தியும் போட்டால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
தஞ்சாவூர்