செல்விக்கு, பண்ணைக்காட்டிலிருந்து

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஸ்பெயினில், கோர்டோபாவில் மகள் வீட்டில் இருந்துகொண்டு ஆலிவ் தோட்டத்துப் பூச்சிகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறாய். கம்பளிப்பூச்சியைக் கண்டால் பெஞ்சு மேல் ஏறி நின்று கத்துவாயே, அந்தச் செல்வியா இது? வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். அம்மா சிரித்த சிரிப்பில் இருமலே வந்துவிட்டது.

இங்கே காப்பிப் பழம் எடுப்பு தை மாதத்தோடு முடிந்தது. காப்பி விலை நன்றாகத்தான் இருக்கிறது. ஆள்தான் கிடைப்பதில்லை. அது இருக்கட்டும், பூச்சிக்கு வருகிறேன்.

நீ எழுதிய ஆலிவ் ஈ, நம் மாம்பழத்தில் புழு வைக்கிற பழ ஈக்கு நெருங்கிய சொந்தம். காயின் தோலுக்குள் முட்டையை வைத்துவிட்டுப் போய்விடும், புழு சதைக்குள்ளேயே வளரும். எங்களுக்கும் அப்படி ஒருத்தன் இருக்கிறான். காய்த்துளைப்பான் என்று பெயர். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த வண்டு. இந்தியாவில் முதலில் அகப்பட்டது நீலகிரியில், கூடலூர்ப் பக்கம், 1990இல். எள்ளை விடச் சின்னது, கறுப்பு. பழத்தின் தொப்புளில் ஊசி முனையளவு ஓட்டை போட்டுக் கொட்டைக்குள் நுழைந்து முட்டையிடும். பிறப்பதில் பெரும்பாலும் பெண்தான். ஆணுக்குப் பறக்க வராது. பிறந்த கொட்டைக்குள்ளேயே கூடப்பிறந்தவளோடு குடும்பம் நடத்திவிட்டு அங்கேயே செத்துப்போகும். சினைப்பட்ட பெண் மட்டும் அடுத்த காயைத் தேடி வெளியே வரும். வாழ்நாளில் பெரும்பகுதி கொட்டைக்குள் ஒளிந்திருக்கிற ஜீவனை, இலை மேல் அடிக்கிற மருந்து என்ன செய்யும்? அப்பா காலத்தில் எண்டோசல்பான் அடித்தார்கள். 2011இல் உச்ச நீதிமன்றம் தடை போட்டபோது, இனி வண்டு தோட்டத்தையே தின்றுவிடும் என்று ஊரில் பேசாத ஆள் இல்லை. எங்கள் தோட்டத்தில் அப்படி ஒன்றும் ஆகவில்லை.

என் அனுபவத்தில் அதற்கு உண்மையான மருந்து, பழத்தை மிச்சம் வைக்காமல் எடுப்பதுதான். ஒரு சீசனிலிருந்து அடுத்த சீசனுக்கு வண்டு தாண்டி வருவது செடியில் விட்டுப்போன பழத்திலும் தரையில் உதிர்ந்த பழத்திலும் உட்கார்ந்துதான். எடுக்கும்போதே செடிக்கடியில் படுதா விரிக்க வேண்டும். எடுப்பு முடிந்ததும் இன்னொரு சுற்றுப் போய்க் கிளையில் கறுத்துத் தொங்குவதையும் சருகுக்குள் கிடப்பதையும் பொறுக்க வேண்டும். துளை விழுந்த பழத்தைக் கொதிக்கிற தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் முக்கி எடுத்துவிட்டால் உள்ளே இருப்பது தீர்ந்தது. கேட்கச் சுலபம்தான். ஆனால் கிலோக் கணக்குக் கூலியில் இது நடக்காது. நாள் பூராவும் குனிந்து பொறுக்கினாலும் கூடை நிறையாது, அந்தப் பெண்களைக் குறை சொல்லி என்ன பயன்? பொறுக்குகிற நாட்களுக்கு நான் நாள் கூலிதான் கொடுக்கிறேன். மருந்துக் கடைக்குப் போகிற பணம் இவர்கள் கைக்குப் போகட்டுமே.

சாராயம் ஊற்றித் தொங்கவிடும் சிவப்புப் பொறியும் உண்டு. வாசனைக்குப் பெண் வண்டுகள் வந்து விழும். எடுப்பு முடிந்து செடியில் காய் இல்லாத நாளில் நன்றாகப் பிடிக்கிறது. காய் இருக்கும்போது அதை விட்டுவிட்டு பாட்டிலுக்கு எந்த வண்டு வரும்?

மரங்களுக்கு நடுவே புல்லையும் பூச்செடியையும் வளரவிட்டால், பூச்சியின் உடம்பிலேயே முட்டை வைத்து அதைக் கொல்கிற ஒட்டுண்ணிக் குளவிகள் தங்கும் என்று எழுதியிருந்தாய். வேலியோரம் மஞ்சளாகப் பூக்கும் அந்தப் பிசுபிசுப்புச் செடியின் கதையை இரண்டு தடவை படித்தேன். செடியில் முடிச்சுப் போடுகிற ஒரு ஈ, அதைத் தின்று குளிர்காலத்தைக் கழிக்கிற குளவி, அதே குளவி கோடையில் ஆலிவ் ஈயையும் பிடிக்கிறது. களை என்று பிடுங்கி எறிந்திருந்தால் இது யாருக்குத் தெரிந்திருக்கும்! ஆனால் உங்கள் ஊர்ப் பாடத்தை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. எங்களுக்குப் புல் பிரச்சினையே இல்லை, மழை பெய்தால் தானாக இடுப்பளவு வந்து நிற்கும். எங்கள் வம்பு தலைக்கு மேலே, நிழல் மரத்தில்.

விலை ஏறியதிலிருந்து பக்கத்துத் தோட்டங்களில் பலாவையும் அத்தியையும் கல்யாண முருங்கையையும் வெட்டித் தள்ளுகிறார்கள். வெயில் பட்டால் காய் கூடும் என்று கணக்கு. மீதி இடத்தில் சில்வர் ஓக். நேராக வளரும், மிளகுக் கொடி ஏற்றலாம், விற்றால் காசு. எனக்கும் நாலு வரிசை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் வெறும் சில்வர் ஓக்கில் ஒரு குருவிக்கு என்ன சாப்பாடு கிடைக்கும்? தண்டுத் துளைப்பான் என்று இன்னொரு வண்டு வேறு இருக்கிறது. அராபிகா காப்பிச் செடியில் வெயில் படுகிற தண்டாகப் பார்த்துத்தான் பட்டை இடுக்கில் முட்டை வைக்கும். புழு உள்ளே குடைந்துகொண்டே போகும், இலை மஞ்சளாகி ஒருநாள் செடி கையோடு முறிந்து வரும். அப்புறம் பிடுங்கிக் கொளுத்துவதைத் தவிர வேறு வழி கிடையாது. சித்திரையிலும் ஐப்பசியிலும் அது பறக்கிற காலத்துக்கு முன்னால் தண்டின் செதிலைத் தேய்த்துச் சுண்ணாம்பு அடிக்கிறோம். இருந்தாலும் நல்ல நிழல் இருக்கிற பக்கம் அதன் வேலை குறைவாகத்தான் இருக்கிறது. நிழலை வெட்டினால் வண்டுக்கு நாமே வெற்றிலை பாக்கு வைத்த கதைதான்.

எல்லா உயிரும் நமக்கு நண்பன் என்றும் நான் சொல்ல மாட்டேன். செடியின் சாற்றை உறிஞ்சுகிற மாவுப்பூச்சி வடிக்கிற தேனுக்காக எறும்பு அதைக் காவல் காக்கிறது, அதைத் தின்ன வரும் பொறிவண்டை அண்டவிடாது. எறும்புப் புற்றை அப்படியே விட்டுவைத்தால் மாவுப்பூச்சிக்குக் கொண்டாட்டம். பொறிவண்டில் ஒரு வேடிக்கை கேள். 1898இல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு வகையைக் கொண்டுவந்தது காப்பியின் பச்சைச் செதில் பூச்சிக்காக. அது அந்த வேலையை அவ்வளவாகப் பார்க்கவில்லை, மாவுப்பூச்சியைத் தின்று பெயர் வாங்கிவிட்டது. இன்றைக்கும் அதை வளர்த்துத்தான் தோட்டங்களில் விடுகிறார்கள்.

இரவில் மெஷினை ஓட்டி ஆலிவ் பறித்ததில், மரத்தில் தூங்கிக்கொண்டிருந்த குருவிகள் செத்தன என்று எழுதியதைப் படித்ததும் வயிற்றைக் கலக்கியது. நிறுத்திவிட்டார்கள் என்றாய், நல்லது. எங்கள் சரிவில் மெஷின் ஏறாது. முதுகுதான் ஒடிகிறது, ஆனால் குக்குறுவானும் சின்னானும் நிம்மதியாக இருக்கின்றன. மரநாய் நல்ல பழமாகப் பார்த்துத் தின்றுவிட்டுப் போகிறது. அதை என்ன செய்வது, நன்றாகப் பழுத்ததைத் தேர்ந்தெடுக்க நம்மை விட அதற்குத் தெரியும்.

இத்தாலியில் 2013இலிருந்து ஆலிவ் மரங்களைக் காய வைக்கிற அந்த நோயைப் பற்றிப் படித்தபோது எனக்கு மலைவாழைதான் நினைவுக்கு வந்தது. அங்கே நோயை ஒரு நுரைப்பூச்சி சுமந்து போகிறது, இங்கே அசுவினி. முடிக்கொத்து நோய் வந்த வாழையைக் காப்பாற்ற முடியாது, கிழங்கோடு தோண்டி எறிய வேண்டியதுதான். சின்ன வயதில் விருப்பாச்சி என்கிற நம் மலைவாழை இல்லாத சரிவு இந்தப் பக்கம் உண்டா? இப்போது பழனி பஞ்சாமிர்தத்துக்கு வேண்டிய பழத்துக்கே தேட வேண்டியிருக்கிறது. நோய் இல்லாத கன்று வாங்கி ஓரத்தில் கொஞ்சம் வைத்திருக்கிறேன், பார்ப்போம்.

உன் மகளிடம் இரண்டு விஷயம் கேட்டு எழுது. பிளாஸ்டிக் பாட்டிலில் ஓட்டை போட்டு ஆலிவ் ஈ பிடிக்கிறார்களாமே, உள்ளே என்ன ஊற்றுகிறார்கள், எவ்வளவு? எங்கள் கொய்யாவுக்கும் பழ ஈ வருகிறது, செய்து பார்க்கலாம். இன்னொன்று, கீழே விழுந்த ஆலிவைப் பொறுக்க அங்கே ஆளுக்கு என்ன கூலி கொடுக்கிறார்கள்? இங்கே கூலி பேசும்போது சொல்வதற்கு எனக்கு ஒரு கணக்கு வேண்டும்.

கார்த்திகையில் வருவதாகச் சொன்னாயே, மறக்காதே. எடுப்பு நேரம், ஒரு கூடை உனக்கும் உண்டு.

அன்புடன்,
ராஜாத்தி