பிரேக் இல்லாத சைக்கிளில் மலை இறக்கம்: பயண நிறுவனத்துக்கு ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்
முன்பதிவு செய்த வாடிக்கையாளர்,
அண்ணாநகர், மதுரை.

பெறுநர்
மேலாளர்,
சாகசப் பயண நிறுவனம், மதுரை.

பொருள்: கொடைக்கானல் ‘ஏரிக்கரை மவுண்டன் பைக் ட்ரெயில்’ பயணம் – பொய் விளம்பரம், பழுதான சைக்கிளால் விபத்து – முழுப் பணமும் மருத்துவச் செலவும் கோருதல் தொடர்பாக.

ஐயா,

வணக்கம். சென்ற மாதம் நீங்கள் நடத்திய மேற்படி பயணத்துக்கு நானும் என் அக்கா மகளும் தலைக்கு 4,500 ரூபாய் கட்டி வந்திருந்தோம். நடந்ததை வாட்ஸ்அப்பில் எழுதினேன். கைகூப்பும் படம் ஒன்றும், சில சமாதான வரிகளும், அடுத்த பயணத்துக்கு இருபது சதவீதத் தள்ளுபடிக் கூப்பனும் பதிலாக வந்தன. விஷயம் கூப்பனில் முடிகிற விஷயம் இல்லை என்பதால் கடிதமாகவே எழுதுகிறேன்.

விளம்பரத்திலிருந்து தொடங்குகிறேன். அதில் நீங்கள் போட்டிருந்த படம் கொடைக்கானல் அல்ல, நியூசிலாந்தின் குயின்ஸ்டவுன். பின்னால் தெரிவது ரிமார்க்கபிள்ஸ் மலைத்தொடர், கீழே கிடப்பது வாகாடிப்பு ஏரி. கம்பியில் தொங்கிப் போகும் கோண்டோலா கூண்டுக்கு வெளியே சைக்கிளைத் தொங்கவிட்டு மேலே போகிறார்களே, அந்த வசதி நம் பழனி மலையில் எங்கே இருக்கிறது? அந்த ஏரி சுமார் 80 கிலோமீட்டர் நீளம். நம்முடையது மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863-இல் உருவாக்கிய, ஏறக்குறைய 60 ஏக்கர் ஏரி. அழகில் குறைவு என்று சொல்லவில்லை. எனக்குப் பிடித்த ஏரிதான் அது. ஆனால் ஒன்றைக் காட்டி இன்னொன்றை விற்றிருக்கிறீர்கள்.

படம் போனால் போகட்டும். ‘தரம் பிரித்த ட்ரெயில்கள்’, அதாவது கடினத்துக்கேற்ப வகை பிரித்த பாதைகள் என்று எழுதியிருந்தீர்களே, அதுதான் எங்களைப் பணம் கட்ட வைத்தது. மலைச் சைக்கிளுக்கென்றே பாதை போட்டு பைக் பார்க் நடத்துகிற ஊர்களில் ஒவ்வொரு பாதையின் வாசலிலும் பலகை இருக்கும். பச்சை வட்டம் என்றால் புதியவர்களுக்கு, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கை தேர்ந்தவர்களுக்கு. நியூசிலாந்தில் 1 முதல் 6 வரை எண் போட்டிருப்பார்கள். மழைத் தண்ணீர் பாதையை அறுக்காமல் வடிய வழி விட்டிருப்பார்கள், வளைவில் மண்ணை அணைத்து மேடு கட்டியிருப்பார்கள், எதிரே ஆள் வராதபடி ஒருவழிப் பாதையாக வைத்திருப்பார்கள். அழகர்கோவில் ரோட்டிலும் நாகமலைப் பக்கத்துச் செம்மண் தடத்திலும் ஓட்டிப் பழகிய எனக்கு எது வந்தாலும் சமாளிக்கலாம். மண் பாதைக்கே புதியவளான அக்கா மகளுக்குப் பச்சைப் பாதை உண்டா என்று உங்கள் அலுவலகத்தில் கேட்டேன். “உண்டு சார், தாராளமா கூட்டிட்டு வாங்க” என்றார்கள்.

போன இடத்தில் பச்சையும் இல்லை, நீலமும் இல்லை. மலைக்கு வர இணையத்தில் பதிந்து வாங்க வேண்டிய இ-பாஸ்கூட வேனுக்கு நீங்கள் எடுக்காததால் சோதனைச் சாவடியில் எங்களை நிறுத்திவிட்டார்கள்; ஓட்டுநர் செல்போனில் பதிவு செய்யும் வரை காத்துக் கிடந்தோம். 2024 மே மாதம் முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நடைமுறையில் இருக்கும் விஷயம் இது. மலைக்கு ஆள் கூட்டிப் போவதே தொழிலாக வைத்திருப்பவர்களுக்கு இது தெரியாதா? முதல் ‘ட்ரெயில்’ என்று காட்டியது ஏரியைச் சுற்றியுள்ள ஐந்து கிலோமீட்டர் தார் ரோடு. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், சவாரிக் குதிரைகள், சோளம் சுடும் புகை. அங்கேயே வாடகைச் சைக்கிள் கிடைக்கிறது. அதற்கு மதுரையிலிருந்து 4,500 ரூபாய் தேவையில்லை.

இரண்டாவது, பேரிஜம். அது காப்புக் காட்டுக்குள் இருக்கும் ஏரி. வனத்துறையிடம் முன்கூட்டி அனுமதி வாங்காமல் உள்ளே போக முடியாது. யானை நடமாட்டம் இருந்தால் வாங்கிய அனுமதியும் செல்லாது. “செக்போஸ்ட்ல பேசிக்கலாம்ணே” என்றார் உங்கள் வழிகாட்டித் தம்பி. மோயர் பாயிண்ட் சாவடியில் வனக்காவலர் கேட்டது ஒன்றே ஒன்று: “பெர்மிட் எங்கே?” தம்பி முகத்தில் ஈயாடவில்லை. அந்தத் தம்பி மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. பேப்பர் கொடுக்காமல் அவரை அனுப்பியது நீங்கள்.

‘வனத்துறை அனுமதி எங்கள் கையில் இல்லை, இயற்கைச் சூழ்நிலை’ என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தீர்கள். அன்று யானை வந்து வழியை மூடியிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். அனுமதிக்கு நீங்கள் விண்ணப்பிக்கவே இல்லை என்று சாவடியில் எங்கள் எதிரிலேயே தெரிந்துபோனது. இதில் இயற்கை எங்கே வந்தது?

இனி நடந்ததுதான் இந்தக் கடிதத்துக்கே காரணம். பேரிஜம் இல்லை என்றானதும், உங்கள் ஒருங்கிணைப்பாளர் போனிலேயே புதுத் திட்டம் போட்டார். ஊரிலிருந்து வெள்ளி அருவி வரை மலைச்சாலையில் இறங்குவதாம். அதற்குப் பெயர் ‘டவுன்ஹில் ரைடு’. டவுன்ஹில் என்பது வண்டி வராத மண் பாதையில், அதற்கென்றே செய்த சைக்கிளில் ஓட்டுவது. நீங்கள் இறக்கிவிட்டது வத்தலக்குண்டு பஸ்ஸும் லாரியும் சுற்றுலா வேனும் ஏறி இறங்கும் சாலை. மதியத்துக்கு மேல் பனிமூட்டமும் சேர்ந்துகொண்டது.

காலையில் சைக்கிள்களைக் கொடுத்தபோதே அக்கா மகள் வண்டியின் பின் பிரேக் லிவர் கைப்பிடியைத் தொடுகிறது என்று காட்டினேன். கேபிளை விரலால் இரண்டு திருகு திருகிவிட்டு, “போகப் போகச் சரியாயிரும்ணே” என்றார்கள். சைக்கிள் திருகாணிகளைத் திருகும் ஆலன் சாவிகூட அவர்களிடம் இல்லை. டயர்களோ வழவழவென்று தேய்ந்தவை. விளம்பரப் படத்தில் இருந்த மண்ணைப் பிடிக்கும் புடைப்புகள் கொண்ட பட்டன் டயருக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை.

ஏறக்குறைய 8 கிலோமீட்டர் தொடர் இறக்கம். விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் நல்ல டிஸ்க் பிரேக்கே சூடாகும். அருவிக்கு முந்தைய வளைவில், “மாமா, பிரேக் பிடிக்கல!” என்று பின்னாலிருந்து கத்தினாள். எதிரே பஸ் ஹாரன். அவள் சமயோசிதமாக மலைப்பக்கம் ஒடித்து, காலை ஊன்றித் தேய்த்து, ஓரத்துக் கால்வாயில் விழுந்தாள். பள்ளத்தாக்குப் பக்கம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் எழுதப் போவதில்லை. வலது முழங்கை சிராய்ந்து சதை தெரிந்தது, மணிக்கட்டு வீங்கிவிட்டது. உங்கள் குழுவிடம் முதலுதவிப் பெட்டி இல்லை. மலைவாழைப் பழம் விற்றுக்கொண்டிருந்த அம்மாதான் குடத்துத் தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டார். “இந்த வண்டியவா நம்பி எறங்குனீங்க?” என்று அவர் கேட்டபோது உங்கள் ஆட்கள் உட்பட யாரும் பதில் சொல்லவில்லை.

அங்கேயே சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். பின் பிரேக்கில், டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேட் முழுக்கத் தேய்ந்து, வெறும் இரும்புத் தகடு டிஸ்க்கில் உரசிக்கொண்டிருந்தது. ஒரே நாளில் இப்படித் தேயாது. அதற்கு முன் எத்தனை பேர் அந்தச் சைக்கிளில் இறங்கினார்களோ. படங்களை இணைத்துள்ளேன்.

வேன் கிளம்புகிற அவசரத்தில் முழங்காலில் வைத்துக் கையெழுத்து வாங்கிய ஆங்கிலப் படிவத்தை இப்போது எடுத்துக் காட்டுகிறீர்கள். சாகசத்தில் உள்ள ஆபத்துக்குத்தான் நாங்கள் சம்மதித்தோம். பேட் மாற்றாத பிரேக்குக்கு யாரும் கையெழுத்துப் போடவில்லை.

கூப்பனோடு அடுத்த பயண அறிவிப்பையும் அனுப்பியிருக்கிறீர்கள்: மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டியில் ‘ஏரியும் பாறையும்’ சைக்கிள் சவாரி. இதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. அந்தப் பாறைகளில் சமணர் படுக்கையும் பழந்தமிழ் எழுத்தான தமிழியும் பாண்டியர் குடைவரைக் கோயிலும் இருக்கின்றன; லகர் வல்லூறு என்ற வேட்டைப் பறவை தங்குகிற குன்றுகள் அவை. டங்ஸ்டன் சுரங்கமே வேண்டாம் என்று போராடி ஏலத்தை ரத்து செய்யவைத்த ஊர்க்காரர்களிடம், சைக்கிள் கூட்டத்தோடு போய் “செக்போஸ்ட்ல பேசிக்கலாம்” என்று சொல்லிப் பாருங்கள். ஊராட்சியிடம் கேட்டீர்களா? எழுத்தில் யார் அனுமதி தந்தார்கள்? மண் பாதைதான் வேண்டுமென்றால் கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிப் பக்கம் காபித் தோட்டங்கள் இருக்கின்றன. சொந்தக்காரரிடம் பேசி, முறையாகப் பாதை போட்டு, பலகை வைத்து நடத்துங்கள். நானே ஆள் சேர்த்துக்கொண்டு வருவேன்.

நான் கேட்பது: இருவருக்கும் கட்டிய 9,000 ரூபாய் முழுவதும், மருத்துவமனை, எக்ஸ்ரே, மருந்துச் செலவும் (ரசீதுகள் இணைப்பில்). குயின்ஸ்டவுன் படத்தையும் ‘தரம் பிரித்த ட்ரெயில்’ என்ற வரியையும் விளம்பரத்திலிருந்து எடுக்க வேண்டும். வாடகைச் சைக்கிள்கள் அனைத்தையும் ஒரு மெக்கானிக் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே அடுத்த பயணம் கிளம்ப வேண்டும். அரிட்டாபட்டி அறிவிப்புக்கு அனுமதி இருந்தால் நகல் அனுப்புங்கள், இல்லையேல் அறிவிப்பைத் திரும்பப் பெறுங்கள்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வரவில்லையென்றால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சேவைக் குறைபாடு, தவறாக வழிநடத்தும் விளம்பரம் ஆகிய இரண்டுக்கும் மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். குடியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம், இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது. வழக்கறிஞர் நண்பரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

முன்பதிவுப் பணம் என்னுடைய எந்த வங்கிக் கணக்கிலிருந்து வந்ததோ, அதே கணக்குக்குத் திருப்பி அனுப்பவும். கூப்பன் வேண்டாம்.

இப்படிக்கு,
முன்பதிவு செய்த வாடிக்கையாளர்

இணைப்பு: முன்பதிவு ரசீது, விளம்பரத்தின் நகல், பிரேக் படங்கள், மருத்துவ ரசீதுகள்.