தன்பாதிலிருந்து ஒரு பதில்

அன்புள்ள மாப்ளைக்கு,

பதில் போடத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. நீ வாட்ஸ்அப்பில் கேட்டது ஒரே வரிதான்: "அக்கா மகன் பெட்ரோலியம் இன்ஜினியரிங் சேரணும்கிறான், சேரலாமா?" ஆனால் அதற்குக் கீழேயே "நீ படிச்சு முடிச்சு நம்ம வயலைத்தானே தோண்ட வரப்போற" என்று சிரிக்கிற பொம்மையோடு ஒன்று போட்டிருந்தாய் பார், அதற்கு வாட்ஸ்அப்பில் பதில் சொல்ல முடியாது. பரீட்சை முடிந்துவிட்டது, விடுதியில் பாதிப் பேர் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள், எனக்கு ஆலப்புழா எக்ஸ்பிரஸில் டிக்கெட் இன்னும் வெயிட்டிங் லிஸ்ட். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், நீயும் பொறுமையாகப் படி.

அப்பாவுக்கு முழங்கால் எப்படி இருக்கிறது? தஞ்சாவூரில் காட்டப்போவதாகச் சொன்னாயே, போனீர்களா? இந்த மழையில் சம்பா தப்பித்ததா, இல்லை வழக்கம்போல வடிகால் அடைத்துக்கொண்டு தண்ணீர் நின்றதா? இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது, காலையில் வெளியே வந்தால் நிலக்கரிப் புகை மூக்கில் ஏறுகிறது. பக்கத்தில் ஜரியாவில் 1916-லிருந்து பூமிக்கடியில் நிலக்கரி எரிந்துகொண்டிருக்கிறது, அதற்கு மேலேயே ஜனங்கள் குடியிருக்கிறார்கள். வெள்ளைக்காரன் 1926-ல் இங்கே சுரங்கக் கல்லூரி ஆரம்பித்ததே நிலக்கரிக்காகத்தான். பெட்ரோலியம் படிப்பு 1957-ல்தான் வந்தது, மத்திய அரசின் எண்ணெய்க் கம்பெனி ஓஎன்ஜிசி தொடங்கிய மறு வருஷம்.

சரி, பையன் விஷயம். பெட்ரோல் பங்க் ஜோக்கை அவனிடம் இதற்குள் எல்லோரும் சொல்லியிருப்பார்கள், நான் சொல்லவில்லை. முதல் வருஷம் எல்லா இன்ஜினியரிங் மாதிரிதான், கணக்கு, பௌதிகம், புரோகிராமிங். அதற்கப்புறம்தான் பிடிக்கிறவனுக்குப் பிடித்துப்போகும். நானும் வருவதற்கு முன் பூமிக்கடியில் எண்ணெய் ஏதோ ஏரி மாதிரி தேங்கிக் கிடக்கும், குழாயை இறக்கினால் வந்துவிடும் என்றுதான் நினைத்திருந்தேன், நம்ம ஊரில் இன்னும் நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். எண்ணெய் இருப்பது பாறைக்குள். மணற்பாறையில் மணல்துகளுக்கும் துகளுக்கும் இடையே இருக்கிற கண்ணுக்குத் தெரியாத சந்துகளில், பெரும்பாலும் உப்புத்தண்ணீரோடு சேர்ந்து கிடக்கிறது. அந்தச் சந்துகள் ஒன்றோடொன்று எவ்வளவு தொடர்பில் இருக்கின்றன என்பதில்தான் எல்லாமே. அதைக் கணக்குப் போடுகிற சூத்திரம் எண்ணெய்க்காரர்கள் கண்டுபிடித்ததே இல்லை. பிரான்சில் திஜோன் நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவந்த டார்சி என்ற இன்ஜினியர் மணல் நிரப்பிய குழாயில் தண்ணீர் விட்டுப் பார்த்து 1856-ல் எழுதியது. நிலத்தடி நீர் ஆட்கள் போடுவதும் அதே கணக்குதான், நாங்கள் போடுவதும் அதே கணக்குதான். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள், பிறகு வருகிறேன்.

அப்புறம் ஒரு விஷயம், கேட்டால் சிரிப்பாய். காவிரிப் படுகை பற்றிய பாடத்தில் பாறை அடுக்குகளின் பட்டியல் ஒன்று வரும், கீழேயிருந்து மேலே: ஆண்டிமடம், சாத்தப்பாடி, புவனகிரி, குடவாசல், நன்னிலம், கமலாபுரம். பாறைக்கு எல்லாம் நம்ம ஊர்ப் பெயர். பத்துக் கோடி வருஷத்துக்குப் பக்கத்தில் வயதுள்ள சாத்தப்பாடி களிப்பாறைதான் முக்கியமான மூலப்பாறை, அதிலிருந்துதான் நம்ம பக்கத்து எண்ணெயும் வாயுவும் உண்டாகி மேலே நகர்ந்தது என்கிறார்கள். வகுப்பில் பீகார் பையன்கள் "குடவாசல்" என்று சொல்ல நாக்கைச் சுழற்றிக்கொண்டிருக்கும்போது எனக்கு நம்ம ஸ்கூல் பஸ்ஸின் ஸ்டாப் பட்டியல்தான் ஞாபகம் வந்தது. அந்தப் பரீட்சையில் மனப்பாடமே பண்ணாமல் எழுதிய ஒரே ஆள் நான்தான்.

டிரில்லிங் பாடத்தில் பாதி சேறுதான். மட் என்று சொல்வோம், பென்டோனைட் களிமண், தண்ணீர், எடைக்கு பேரைட் தூள், இன்னும் சில ரசாயனம். அதை ஒரு புனலில் ஊற்றி ஸ்டாப்வாட்ச் வைத்து எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று பார்க்க வேண்டும், வெறும் தண்ணீருக்கு 26 விநாடி. முதல் நாள் இதற்கா ஜேஇஇ எழுதி வந்தோம் என்று இருக்கும். ஆனால் ரிக்கில் கிணற்றைப் பிடித்து வைத்திருப்பது அந்தச் சேறுதான், மாப்ள. தண்ணீரைவிட ஒன்றேகால் மடங்குக்குக் கொஞ்சம் குறைவான எடையுள்ள மட் 3,000 மீட்டர் ஆழத்துக்கு நின்றால் அடியில் ஏறக்குறைய 350 வளிமண்டல அழுத்தம் கொடுக்கும். பாறைக்குள் இருக்கிற வாயுவின் அழுத்தம் அதைவிடக் கூடிவிட்டால் வாயு உள்ளே வரும், அதைக் கவனிக்காமல் விட்டால் மேலே வரும், அதற்கப்புறம் நடப்பதை நிறுத்துவது சாதாரண வேலை இல்லை. அசாமில் பாக்ஜானில் 2020 மே மாதம் ஒரு பழைய கிணற்றில் பராமரிப்பு வேலை நடந்தபோது வாயு பீறிட்டது, ஜூனில் தீப்பிடித்தது, தீயணைப்பு ஆட்கள் இரண்டு பேர் செத்தார்கள், அடக்கி முடிக்க ஐந்து மாதத்துக்கு மேல் ஆனது. ட்ரெயினிங்குக்கு துலியாஜான் போயிருந்தபோது அங்கே வயதான டிரில்லர் ஒருவர் எங்களிடம் பேசியதில் முக்கால்வாசி இதுதான். கணக்கு தப்பினால் மார்க் போகாது, ஊர் போகும் என்றார்.

எனக்கு அதிகம் பிடித்தது லாகிங். கிணற்றுக்குள் ஒரு கருவியை ஒயரில் இறக்கி, பாறை எவ்வளவு மின்சாரத்தை விடுகிறது, எவ்வளவு கதிர்வீச்சு வருகிறது என்று அடி அடியாக அளப்பது. ஷ்லம்பர்ஷே சகோதரர்களின் ஆட்கள் 1927-ல் பிரான்சில் முதல்முதலாகச் செய்தது. உப்புத்தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும், எண்ணெய் கடத்தாது. ஆக, மின்தடை அதிகமாகக் காட்டுகிற மணல் அடுக்கில் எண்ணெய் இருக்கலாம். இருக்கலாம், அவ்வளவுதான்! நல்ல தண்ணீர் இருந்தாலும் அதே மாதிரிதான் காட்டும். நாலு வளைகோடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, யாருமே பார்க்காத, பார்க்கவும் முடியாத ஓர் இடத்தைப் பற்றி ஒரு முடிவுக்கு வர வேண்டும். அந்த முடிவை நம்பிக் கோடிக்கணக்கில் செலவு பண்ணுவார்கள். இவ்வளவும் செய்து எடுப்பதுகூட இருப்பதில் சராசரியாக மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கம்தான், மீதி பாறையிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும்.

இப்போது நீ கேட்ட இரண்டாவது கேள்வி. நம்ம டெல்டாவில் மீத்தேன், ஹைட்ரோகார்பன், ஓஎன்ஜிசி என்று மூன்று வார்த்தையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி வைத்திருக்கிறோம். டீக்கடையிலும் அப்படித்தான், டிவியிலும் அப்படித்தான். அவை வேறு வேறு.

மன்னார்குடி மீத்தேன் என்பது நிலக்கரிப் படுகை வாயு. 2010-ல் மத்திய அரசு உரிமம் கொடுத்தது, 2011 ஜனவரியில் மாநில அரசும் ஒப்பந்தம் போட்டது. உரிமம் வாங்கிய கம்பெனி எங்கே தொழில் பண்ணியது தெரியுமா? இங்கிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம், அசன்சோல் பக்கம் ராணிகஞ்சில். அதனால் இதை நான் கொஞ்சம் ஆர்வமாகவே படித்தேன். நிலக்கரியின் மேற்பரப்பில் மீத்தேன் ஒட்டிக்கொண்டிருக்கும், சுற்றியிருக்கிற தண்ணீரின் அழுத்தம்தான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. கோலி சோடாவில் கோலியைத் தட்டியதும் வாயு கிளம்புகிறதே, அதே சங்கதி, அழுத்தத்தை எடுத்தால் வாயு வரும். அழுத்தத்தை எடுப்பதென்றால் தண்ணீரை இறைப்பது. மாதக்கணக்கில், சில இடத்தில் வருஷக்கணக்கில், முதலில் தண்ணீர்தான் வரும், வாயு பிறகுதான் மெல்ல ஏறும். நம்ம பக்கம் இருப்பது பழுப்பு நிலக்கரி. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி வெட்டுவதற்காக அடியிலிருந்து ராத்திரி பகலாகத் தண்ணீர் இறைப்பது உனக்கே தெரியும். அப்படியிருக்க, முழுக்க முழுக்கப் பம்ப்செட்டையும் ஆற்றையும் நம்பியிருக்கிற ஒரு ஜில்லாவில் இதைச் செய்யலாம் என்று முடிவெடுத்தவர்கள் டார்சி கணக்கைப் போட்டுப் பார்த்தார்களா என்பதுதான் என் சந்தேகம். இயற்கை விவசாயம் பேசிய நம்மாழ்வார் அய்யா சாகும்வரை, 2013 டிசம்பர் வரை, இதற்கு எதிராகத்தான் ஊர் ஊராகப் போனார். தண்ணீர் பற்றிய அந்தப் பயத்தை என் பாடப்புத்தகமே சரி என்கிறது. இதை வகுப்பிலும் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் கமலாபுரம், கோவில்களப்பாள், அடியக்கமங்கலம் ஓஎன்ஜிசி கிணறுகள் அந்த வகை இல்லை, மாப்ள. அவை வழக்கமான கிணறுகள், கிலோமீட்டர் கணக்கில் கீழே இருக்கிற மணற்பாறையிலிருந்து எடுப்பவை, அதற்கும் நம்ம போர் தண்ணீருக்கும் நடுவில் கனமான களிப்பாறை அடுக்குகள் இருக்கின்றன. நாம் சைக்கிளில் போகும்போது பார்த்த அந்தத் தீ எரிகிற குழாய்கள் எல்லாம் பல வருஷமாக இருப்பவை. 2017-ல் நெடுவாசலுக்கு ஹைட்ரோகார்பன் திட்டம் என்று அறிவித்ததும் ஏற்கெனவே கண்டுபிடித்து வைத்திருந்த சிறிய வயல்களுக்கான ஏலத்தில் வந்ததுதான். "ஒரு கிணறு தோண்டினால் ஐந்து வருஷத்தில் பாலைவனம்" என்று நம்ம ஆட்கள் மைக்கில் சொன்னதற்கு எனக்குக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை. இதைச் சொன்னால் நீ என்னைக் கம்பெனிக்காரன் என்பாய், பரவாயில்லை.

அதே மூச்சில் இன்னொன்றையும் கேள். "ஒன்றுமே ஆகாது" என்று அந்தப் பக்கம் சொன்னதும் அதே அளவுக்குப் பொய்தான். ஆபத்து பெரும்பாலும் ஆழத்தில் இல்லை. கேசிங்குக்கு, அதாவது கிணற்றுக்குள் இறக்குகிற இரும்புக் குழாய்க்கு, வெளியே ஊற்றுகிற சிமென்டில், நம்ம போர் தண்ணீர் அடுக்கைக் கடக்கிற அந்தச் சில நூறு அடியில், வயலுக்கு நடுவே போகிற வயதான பைப்பில் இருக்கிறது. கதிராமங்கலத்தில் 2017 ஜூன் 30 அன்று வயலில் உடைந்தது பைப்தான். பைப் உடைவது உலகம் முழுக்க நடப்பதுதான், ஆனால் அந்த ஊர்க்காரனுக்குத் தன் வயலுக்கடியில் எந்தப் பைப் போகிறது, அதற்கு என்ன வயது, கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை என்றால் அவன் வேறு எதை நம்புவான்? நான் புரட்டிய புத்தகங்களில் பாதுகாப்பு என்று ஒரு அத்தியாயம் வரும், அதில் ரிக்கில் நிற்பவனின் ஹெல்மெட், கையுறை, தீயணைப்பான் எல்லாம் வரும். வேலிக்கு அந்தப் பக்கம் நாற்று நடுகிறவர் ஒரு படத்தில்கூட வரமாட்டார்.

தமிழ்நாடு அரசு 2020-ல் போட்ட வேளாண் மண்டலச் சட்டப்படி நம்ம டெல்டாவில் புதிய கிணறு கிடையாது, பழையவை ஓடலாம். நல்லது. ஆனால் ஓடி முடிந்த கிணற்றைச் சும்மா விட்டுவிட்டுப் போகக் கூடாது, சரியான ஆழத்தில் சிமென்ட் அடைப்பு வைத்து, அழுத்தம் ஏற்றிச் சோதித்து மூட வேண்டும், இல்லையென்றால் நாற்பது வருஷம் கழித்து உன் பேரன் வயலில் கசியும். எனக்கு ஒரு லாகிங் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது, ஜூலையில் சேரணும். அசாமிலும் போடலாம், பார்மரிலும் போடலாம், ராஜமுந்திரியிலும் போடலாம். காரைக்காலிலும் போடலாம். காரைக்காலில் போட்டால் சந்தோஷமாகத்தான் வருவேன், சிமென்ட் பிடித்திருக்கிறதா இல்லையா என்று பார்க்கவும் லாக் இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்த ஒருவன் திருவாரூர் ஜில்லாக்காரனாக இருந்தால் உனக்கென்ன நஷ்டம்?

பையனுக்கு வருகிறேன். சம்பளத்தைப் பார்த்து ஆசைப்படுகிறான் என்றால் அவனிடம் விலைக் கதையைச் சொல். 2014 நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் இருந்தது, 2016 ஜனவரியில் 30-க்குக் கீழே. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெய் மைனஸ் 37 டாலருக்குப் போனது, வைக்க இடமில்லாமல் எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று காசு கொடுத்துத் தள்ளினார்கள். விலை ஏறுகிற வருஷம் பார்த்து எல்லோரும் சேருவார்கள், நாலு வருஷம் கழித்து வெளியே வரும்போது எந்த விலையோ. ஒரு சீனியருக்கு ஆஃபர் கடிதம் கொடுத்துவிட்டுச் சேரும் தேதியைத் தள்ளித் தள்ளிக் கடைசியில் இல்லை என்றே சொல்லிவிட்டார்கள், அவர் இப்போது பெங்களூருவில் டேட்டா வேலை பார்க்கிறார், நன்றாகத்தான் இருக்கிறார். பரீட்சை எழுதி ஓஎன்ஜிசி, ஆயில் இந்தியா போகலாம், ஆனால் அங்கே மெக்கானிக்கல்காரனும் கெமிக்கல்காரனும் எடுபடுகிறான். இந்தப் படிப்பு குறுகலானது, அதை மறைக்க வேண்டாம். ரிக் என்றால் பதினாலு நாள் உள்ளே, பதினாலு நாள் வீட்டில், ஒரு ஷிப்ட் பன்னிரண்டு மணி நேரம், தீபாவளி எந்தப் பதினாலில் விழும் என்பது அவன் கையில் இல்லை. உங்க அக்கா அதற்கு என்ன சொல்வார் என்பது எனக்குத் தெரியும்.

அப்புறம் "எண்ணெய்க் காலமே முடியப்போகுது" என்று யூடியூப் பார்த்து யாராவது சொல்வார்கள். இந்தியா இன்னும் கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதிதான் செய்கிறது, இவன் ரிட்டயர் ஆவதற்குள் அது காணாமல் போகாது. பூமி வெப்பத்தை எடுப்பதற்கும், கரியமில வாயுவைக் கீழே அடைத்து வைப்பதற்கும் இதே கிணறு, இதே பாறை, இதே டார்சிதான். என் கருத்து: பையனுக்கு மண்ணும் பாறையும் பிடிக்கும், கணக்கும் வரும் என்றால் சேரட்டும். இரண்டில் ஒன்றுதான் என்றால் மெக்கானிக்கல் எடுத்துவிட்டு வேண்டுமானால் பிறகு இந்தப் பக்கம் வரட்டும். தனியார் கல்லூரியில் லட்சக்கணக்கில் கடன் வாங்கி இதில் சேர்க்கிற யோசனை இருந்தால் வேண்டவே வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்.

அவனை ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் எனக்குக் கூப்பிடச் சொல், உன்னிடம் கேட்கத் தயங்குவதை என்னிடம் கேட்கட்டும். டிக்கெட் கன்ஃபர்ம் ஆனால் பொங்கலுக்கு முன்பே வந்துவிடுவேன். அதற்குள் ஒரு வேலை செய்: போன கோடையில் உங்க கொல்லையில் போர் போட்டாரே, அவரிடம் எத்தனை அடியில் களி, எத்தனை அடியில் மணல், எங்கே உப்புத்தண்ணீர் தட்டியது என்று கேட்டு எழுதி வை. அவர் நோட்டில் கட்டாயம் இருக்கும். என் புராஜெக்டுக்கு வேணும், விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

இப்படிக்கு,
உன் பழைய பெஞ்ச்காரன்