சம்பளமில்லாத இரவுப் படப்பிடிப்பு: கூலியும் வண்டியும் கோரும் மனு

அனுப்புநர்:
உடை உதவியாளர் ஒருவரின் தந்தை,
90 அடி சாலை, தாராவி,
மும்பை – 400017.
(பெயரும் கதவு எண்ணும் தனித்தாளில்)

பெறுநர்:
உயர்திரு தொழிலாளர் நல அதிகாரி அவர்கள்,
மும்பை.

பொருள்: படப்பிடிப்பில் கூலியின்றி வேலை வாங்குதல், இரவில் வீடு திரும்ப வாகனம் தராமை – நடவடிக்கை கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் தாராவியில் தையற்கடை வைத்திருப்பவன். என் தந்தை காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம் எங்களுடையது. என் மூத்த மகள் இந்திப் படங்களில் உடை உதவியாளராக வேலை செய்கிறாள். சம்பாதிக்கிறாள் என்று எழுத எனக்கும் ஆசைதான்.

இது பற்றி முன்பு தங்களுக்கு அனுப்பிய மனுக்களை மராத்தியில் எழுதுவித்து அனுப்பினேன். பதில் இல்லை. குறை மொழியில் இல்லை என்று தெரிந்துகொண்டேன். ஆகவே இம்முறை எனக்குக் கைவந்த தமிழிலேயே எழுதி, மராத்தி ஆக்கத்தைப் பின்னால் இணைத்திருக்கிறேன். தயவுசெய்து கீழ்க்கண்டவற்றைக் கனிவுடன் பரிசீலிக்க வேண்டுகிறேன்.

1. முதல் படத்தில், இது கற்றுக்கொள்ளும் காலம், சம்பளம் கிடையாது, படத்தின் முடிவில் பெயர் வரும் என்றார் புரொடக்ஷன் மேனேஜர். சரி என்றோம். அடுத்த படத்தில் வேறு கம்பெனி, வேறு மேனேஜர். பேச்சு மட்டும் அதே பேச்சு.

2. கற்றுக்கொள்பவருக்குக் கூலி தேவையில்லை என்று எந்தச் சட்டம் சொல்கிறது? 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டமே உதவித்தொகை தரச் சொல்கிறது. என் கடையில் பித்தான் தைத்துப் பழகும் பையனுக்குச் சனிக்கிழமை மாலை பணம் கொடுக்காமல் நான் கடையை அடைத்ததில்லை. அவள் செய்வதும் வேடிக்கை பார்க்கிற வேலையல்ல. ஒவ்வொரு உடுப்பிலும் காட்சி எண்ணும் பாத்திரத்தின் பெயரும் எழுதிய சீட்டைக் குத்த வேண்டும். முந்தைய ஷாட்டில் எத்தனை பித்தான் திறந்திருந்தது, கைமடிப்பு எத்தனை சுற்று என்று படம் எடுத்து வைத்து, அடுத்த நாள் அப்படியே உடுத்திவிட வேண்டும். ஒரு மடிப்பு மாறினால் திட்டு இவளுக்குத்தான்.

3. ஐயா, எங்களை மிகவும் வாட்டுவது இதுதான். கூலியைக்கூட ஒரு பக்கம் வைத்துவிடுங்கள். படப்பிடிப்பு கோரேகாவ் கிழக்கில், ஆரே காட்டை ஒட்டிய இடத்தில் நடக்கிறது. அந்தப் பகுதி தங்களுக்குத் தெரியாததல்ல. பேக்அப் ஆகி அன்றைய வேலை முடியும்போது நள்ளிரவு தாண்டிவிடும். நடிகர்களுக்கு கார். யூனிட் ஆட்களுக்கு வண்டி, அல்லது கையில் கன்வேயன்ஸ் பணம். என் மகளின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லாததால் இரண்டும் இல்லை. சாப்பாட்டுக் கணக்கிலும் பெயர் இல்லை, மிஞ்சினால் உண்டு.

அந்த நேரத்தில் பஸ் கிடையாது. ஆட்டோவில் நள்ளிரவுக்கு மேல் மீட்டரில் 25 சதவீதம் கூடுதல். அந்த ஆட்டோவும் பாந்திராவுக்கு இப்பால், எங்கள் பக்கம், வராது என்பதை மும்பைக்காரரான தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே சிறுத்தை நடமாடும் அந்தச் சாலையில், துணைக்கு யாராவது வருகிறார்களா என்று பார்த்து, கோரேகாவ் ஸ்டேஷன் வரை நடக்கிறாள். கடைசி லோக்கல் போயிருக்கும். முதல் லோக்கல் வரும் வரை பிளாட்பாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். மடியில் படத்தின் துணிப்பை. காலைக்குள் அளவு திருத்த வேண்டிய கோட்டு அதில் இருக்கும். திருத்துவது என் கடையில், என் நூலில், என் கரண்டில், அதற்கும் பணமில்லை. அந்தக் கோட்டு தொலைந்தால் விலையை அவள் கட்ட வேண்டுமாம்! கோட்டுக்குப் பொறுப்பாளி உண்டு, அதைச் சுமந்துவரும் பெண்ணுக்குப் பொறுப்பாளி இல்லை. மாகிமில் இறங்கி அவள் சந்துக்குள் நுழையும்போது எங்கள் தெரு இட்லிக்காரர்கள் அலுமினியப் பாத்திரத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு வியாபாரத்துக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். இந்த மழைக்காலம் முழுவதும் அவளுடைய அம்மா அந்நேரம் வரை கதவுக்குத் தாழ் போட்டதில்லை.

பெண்களை இரவு 7 மணிக்கு மேலும் காலை 6 மணிக்கு முன்பும் வேலைக்கு வைத்தால் அவர்களின் சம்மதமும் தக்க பாதுகாப்பும் வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பில் இருக்கிறது. அது 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்ததாகச் செய்தித்தாளில் படித்தேன். கோரேகாவில் அது எந்தத் தேதியில் நடைமுறைக்கு வரும்?

4. எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் சினிமாத் தொழிலாளரை வேலைக்கு வைக்கக் கூடாது என்று 1981ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. என் மகளிடம் இருப்பது வாட்ஸ்அப்பில் வந்த வருகை நேரம் மட்டுமே. நகல் இணைத்திருக்கிறேன்.

5. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசியலமைப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பே என்று, டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982இல் உச்ச நீதிமன்றம் கூறியது. கீழே கொடுப்பதே குற்றமென்றால், ஒன்றுமே கொடுக்காதவர்களுக்கு என்ன பெயர் ஐயா? தையற்காரன் படித்துத் தெரிந்துகொண்டதைத் தங்கள் அலுவலகத்தில் ஒருவரும் படிக்கவில்லையா? மன்னிக்கவும், கோபத்தில் எழுதுகிறேன், ஆனாலும் எழுதியதை அடித்து நீக்கப்போவதில்லை.

6. வேலையை விட்டுவிடலாமே என்று முன்பு நேரில் வந்தபோது ஒருவர் சொன்னார். விட்டால், இதுவரை உழைத்ததற்கு யார் சாட்சி? சினிமாத் தொழிலாளர் சங்க அட்டை எடுக்கப் பணம் வேண்டும், பணத்துக்குச் சம்பளம் வேண்டும், சம்பளம் கேட்டால் அட்டை இருக்கிறதா என்கிறார்கள். அவள் எந்தக் கதவைத் தட்டுவாள்?

ஆகவே, அந்த இரு கம்பெனிகளையும் அழைத்து விசாரித்து, என் மகளுக்குச் சேர வேண்டிய கூலியைப் பெற்றுத் தருமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன். கம்பெனிகளின் பெயர்களைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். கோரேகாவில் மாநில அரசுக்குச் சொந்தமான பிலிம் சிட்டி படப்பிடிப்பு வளாகத்திலாவது, உதவியாளர்களின் ஒப்பந்த நகலைப் பார்த்த பிறகே படப்பிடிப்புக்கு அனுமதி தர வேண்டும் என்று பரிந்துரை செய்யுங்கள்.

கூலி விவகாரம் முடிய நாளாகும் என்பீர்கள். ஆகட்டும். வண்டிக்கு மட்டுமாவது உடனே உத்தரவிடுங்கள் ஐயா. திரும்பவும் கேட்கிறேன், வண்டிக்கு மட்டுமாவது. இந்த வாரமும் அவளுக்கு இரவுப் படப்பிடிப்புதான்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
தாராவி, மும்பை.