மூட்டோடு நிற்கிற வருத்தமாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

கடந்த ஞாயிறு உங்கள் மருத்துவப் பக்கத்தில், "முடக்குவாதம் மூட்டுகளோடு நின்றுவிடும், உயிருக்குப் பயமில்லை" என்று ஒரு வரி வாசித்தேன். பெரிய ஆறுதல். என் அக்கா உயிரோடு இருந்திருந்தால் அவவுக்கும் வாசித்துக் காட்டியிருப்பேன்.

அவவுக்கு நாங்கள் மீள்குடியேறி வந்த காலத்திலேயே விரல்கள் வீங்கத் தொடங்கிவிட்டன. விடிய எழும்பினால் தேத்தண்ணிக் கோப்பையைக்கூடப் பிடிக்க முடியாது. ஆனால் அவ போனது மாரடைப்பில். இரத்தம் சோதித்து, "கொலஸ்ட்ரோல் குறைவாகத்தான் இருக்கு, யோசிக்க வேண்டாம்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். முடக்குவாதம் கடுமையாக இருக்கும்போது கொலஸ்ட்ரோல் இறங்கித்தான் காட்டும். ஆனால் மூட்டை அரிக்கிற அதே அழற்சி இரத்தக் குழாய்களையும் கெடுத்துக்கொண்டிருக்கும். தாங்கள் அறியாததல்ல. அன்று நெஞ்சு நொந்தபோது தோள்மூட்டு நோவாக்கும் என்று எண்ணெய் பூசிக்கொண்டு படுத்தா.

கிளினிக்கில் மாரடைப்பு ஆபத்தைப் பார்க்க ஓர் அட்டவணை வைத்திருக்கிறார்கள், உலக சுகாதார நிறுவனத்தினுடையது. வயது, பிரஷர், சீனி, புகைத்தல், கொலஸ்ட்ரோல் எல்லாம் அதில் உண்டு. முடக்குவாதத்துக்கு ஒரு கட்டம் இல்லை. அப்படியான அட்டவணைகளில் வரும் எண்ணை இந்த நோயாளருக்கு 1.5ஆல் பெருக்கிப் பார்க்கும்படி ஐரோப்பிய வாதநோய் நிபுணர்களின் அமைப்பு 2017இல் வெளியிட்ட பரிந்துரையில் இருக்கிறது. ஐரோப்பாவில் பெருக்கட்டும். எங்களுக்கு மூட்டுநோ எண்ணெய் விளம்பரம் போதும் என்று நினைத்தீர்களோ தெரியாது, அந்த வரிக்குப் பக்கத்திலேயே கால் பக்கத்துக்குப் போட்டிருக்கிறீர்கள்.

நோக் குளிசையைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு சொல் இல்லை. இங்கே சந்திக் கடையில் டொக்டரின் துண்டு கேட்காமல் டைக்ளோபெனக் கொடுக்கிறார்கள். தொடர்ந்து போட்டால் பிரஷரும் ஏறும், மாரடைப்பு ஆபத்தும் கூடும். வீக்கத்துக்குக் கொடுக்கிற ஸ்டீரொயிட் மருந்தான பிரெட்னிசொலோன் கன காலம் எடுத்தால் பிரஷரோடு சீனியும் ஏறும். அதை நோயாளர் தாங்களாக நிறுத்துவதும் ஆபத்து, டொக்டரைக் கேட்டுத்தான் குறைக்க வேண்டும். ஆனால் வாதநோய் டொக்டரைப் பார்க்க இரண்டு பஸ் மாறிப் போகிறவளுக்குச் சந்திக் கடைதானே கிட்ட?

அந்த பஸ்ஸைப் பற்றியும் முன்பு எழுதினேன். நாலு வரியாக வெட்டி, ஒட்டுசுட்டானை மன்னார் மாவட்டத்தில் கொண்டுபோய் வைத்துப் பிரசுரித்தீர்கள். திருத்தம் கேட்டேன், பதிலே இல்லை. இரணைமடுக் குளத்து வான்கதவு திறக்கும்போதும் மே மாத நினைவேந்தலுக்கும் மட்டும் உங்கள் படப்பிடிப்பாளருக்கு வன்னிக்கு வழி தெரிகிறது. மற்ற மாதங்களில் எங்களுக்கு நெஞ்சு நோவே வராது என்ற எண்ணமாக்கும்.

நான் கேட்பது பெரிதல்ல. முடக்குவாதக்காரர் மூட்டோடு சேர்த்து பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோலையும் ஒழுங்காகப் பார்க்க வேண்டும், புகைப்பவர்கள் விட வேண்டும், நெஞ்சு நொந்தால் எண்ணெய் பூசாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்த் தங்களுக்கு இந்த வருத்தம் இருப்பதையும் சொல்ல வேண்டும் என்று அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் போடுங்கள். எண்ணெய் விளம்பரத்தை வேறு பக்கத்துக்கு மாற்ற முடிந்தால் நல்லது. முடியாதென்றாலும் விளங்கிக்கொள்வேன், காசு தருகிறவர்கள் அவர்கள்தானே.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
ஒட்டுசுட்டான், முல்லைத்தீவு மாவட்டம் (இந்த முறையாவது சரியாகப் போடவும்).