கதம்பம் என்று ஒதுக்கலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியின் சிறிய இசையரங்குகளைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். பெர்க்லியில் உள்ள ‘ஃப்ரெய்ட் அண்ட் சால்வேஜ்’ அரங்கின் பருவ நிகழ்ச்சி நிரலைக் கட்டுரையாளர் ‘கதம்பக் கச்சேரி’ என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட்டார். ஒரு வாரம் அயர்லாந்து ஃபிடில், மறுவாரம் மேற்கு ஆப்பிரிக்க நரம்புக்கருவியான கோரா, அதற்கடுத்த வாரம் அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப் பாடல் என்று மாறிக்கொண்டே போகும் நிரல், எதையும் ஆழ்ந்து கேட்கும் பொறுமை இல்லாதவர்களுக்காகப் போடப்படுவது என்பது அவர் கருத்து. ஃப்ரீமாண்டிலிருந்து ரயிலேறிப் பல ஆண்டுகளாக அந்த அரங்குக்குப் போய்வருகிறவன் என்ற முறையில், இந்தக் கருத்து எங்கே பிழைபடுகிறது என்பதைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. 1968இல் நான்சி ஓவன்ஸ் என்ற பெண்மணி பெர்க்லியின் சான் பாப்லோ அவென்யூவில் ஒரு காபிக்கடையைத் தொடங்கியபோது, அந்த இடத்தில் முன்பு பழைய மரச்சாமான் விற்ற கடையின் பெயரையே வைத்துக்கொண்டார். நம் ஊரில் ஒருவர் காயலான் கடைப் பலகையைக் கழற்றாமல் அதன் கீழேயே சபா நடத்துவதைப் போன்றது இது. அந்தக் கடையில் 87 பேர்தான் உட்கார முடியும். 1983இல் மரபிசையைப் பேணும் இலாப நோக்கற்ற சங்கம் ஒன்றின் கைக்கு அது வந்தது. 1988இல் 220 இருக்கைகள் கொண்ட இடத்துக்கும், 2009இல் நகர மையத்தில் அடிசன் தெருவில் 440 இருக்கைகள் கொண்ட இப்போதைய கட்டடத்துக்கும் மாறியது. இன்றும் வாசலில் சீட்டைப் பார்த்து உள்ளே அனுப்புகிறவர்களில் பலர் ஊதியம் வாங்காத தன்னார்வலர்களே.

இந்த நிரலின் பன்மையை, மேலிருந்து யாரோ ஒருவர் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொறுக்கிப்போட்டதாகக் கட்டுரையாளர் எண்ணுகிறார். அந்த ஊரின் கதையைச் சற்றுப் பின்னோக்கிப் பார்த்திருந்தால் அப்படி எழுதியிருக்கமாட்டார். ஜெர்மனியிலிருந்து சிறுவயதில் வந்த கிறிஸ் ஸ்ட்ராக்விட்ஸ் 1960இல் ‘ஆர்ஹூலி’ என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கி, டெக்சாஸ் விவசாயக் கூலிகளின் புளூஸையும், லூசியானாவின் பிரெஞ்சு பேசும் மக்களின் நடன இசையையும், மெக்சிகோ எல்லைப்புறத்து அக்கார்டியன் இசையையும் ஒலிப்பதிவுசெய்து வெளியிட்டார். பெர்க்லியை ஒட்டிய எல் செரிட்டோவில்தான் அவருடைய அலுவலகமும் இசைத்தட்டுக் கடையும் இருந்தன. 1967இல் சரோத் கலைஞர் உஸ்தாத் அலி அக்பர் கான் தம் இசைக் கல்லூரியைப் பெர்க்லியில்தான் தொடங்கினார். அடுத்த ஆண்டு அது மரின் கவுண்டிக்குப் போனது. 1973இல் டேவிட் நேடல் தொடங்கிய ‘அஷ்கெனாஸ்’ நடனக்கூடம், கிழக்கு ஐரோப்பாவின் பழைய மரத்தாலான யூதத் தொழுகைக்கூடங்களின் சாயலில் எழுந்தது. சிலியில் 1973இல் நடந்த இராணுவப் புரட்சிக்குப் பிறகு அந்நாட்டினரும் கலிஃபோர்னிய நண்பர்களும் சேர்ந்து 1975இல் ‘லா பேன்யா’ என்ற பண்பாட்டு மையத்தைத் திறந்தார்கள். கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் திருமண இசையான கிளெஸ்மர், ஏறக்குறைய மறைந்துபோயிருந்த நிலையில், அதே 1975இல் பெர்க்லி இளைஞர்கள் சிலர் ‘தி கிளெஸ்மோரிம்’ என்ற குழுவாகக் கூடிப் பழைய இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டு அதை மீட்டெடுத்தார்கள். இவையெல்லாம் காரில் அரைமணி, ஒருமணி தொலைவுக்குள் நடந்தவை. இப்படிப்பட்ட ஊரில் உள்ள அரங்கு ஒரே வகை இசையை மட்டும் வைத்துக்கொண்டிருந்தால்தான் அது செயற்கையாக இருந்திருக்கும். அங்கே மேடையேறுகிறவர்களில் பலர் பக்கத்துத் தெருக்காரர்கள்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் விஷயத்தில் வேறொரு கணக்கு உண்டு. இரசிகர்கள் பெரும்பாலும் இதை அறியமாட்டார்கள். சியாட்டிலிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் வரை மேற்குக் கரை நெடுகிலும் சுற்றிவரும் ஒரு குழுவுக்கு வெள்ளி, சனி இரவுகளில் பெரிய நகரங்களில் பெரிய அரங்குகள் கிடைத்துவிடும். இடையில் வரும் செவ்வாயும் புதனும் வெறுமனே கழிந்தால் விடுதி வாடகையும் வண்டி வாடகையும் அவர்கள் கையைக் கடிக்கும். அந்த நாட்களுக்கு இடம் கொடுப்பவை இத்தகைய சிறு அரங்குகளே. மார்ச் 17 புனித பேட்ரிக் திருநாள் என்பதால் அதை ஒட்டிய வாரங்களில் அயர்லாந்துக் குழுக்கள் அமெரிக்கா முழுதும் சுற்றுகின்றன; அதனால் மார்ச் மாத நிரலில் அயர்லாந்து இசை தூக்கலாகத் தெரியும். ஆக, இந்த வரிசைக்குப் பின்னால் இருப்பது பாதி இரசனை என்றால், மீதிப் பாதி பயண வழித்தடம்.

விசா இன்னொரு தொல்லை. ஒரு நாட்டின் தனித்த பண்பாட்டுக் கலையை நிகழ்த்த வருகிறவர்களுக்கென்று அமெரிக்க அரசு ‘பி-3’ என்ற விசா வகையை வைத்திருக்கிறது. அதற்கு அழைக்கும் தரப்பு முன்கூட்டியே மனு போடவேண்டும். அந்த மனுவின் கட்டணம் 460 டாலராக இருந்தது, 2024 ஏப்ரலில் 1,015 டாலராக ஏறியது. இலாப நோக்கற்ற அமைப்புகளுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் மட்டும் 510 டாலர். அதற்குமேல் வழக்குரைஞர் செலவு, தூதரக நேர்காணல், விமானக் கட்டணம். இவ்வளவையும் தாண்டி வந்து பாடினால், முன்கூட்டியே தனி ஒப்பந்தம் செய்துகொள்ளாதவரை, வெளிநாட்டுக் கலைஞரின் சம்பளத்தில் 30 விழுக்காடு வரியாகப் பிடித்துவைக்கப்படும். சில நூறு இருக்கைகள் கொண்ட ஓர் அரங்கு இந்த நிலையிலும் தன் பருவத்தில் தொலைநாட்டுக் கலைஞருக்கு ஓர் இரவை ஒதுக்குகிறது என்றால், அதை நுனிப்புல் மேய்கிறவர்களின் வேலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆழ்ந்து கேட்பது பற்றியும் சொல்லவேண்டும். கோராவுக்கு 21 நரம்புகள். பெரிய சுரைக்குடுக்கையைப் பாதியாக வெட்டித் தோல் போர்த்திய அந்தக் கருவியை, இரண்டு கைகளின் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் மட்டுமே மீட்டுகிறார்கள்; மற்ற விரல்கள் கைப்பிடிகளைப் பற்றியிருக்கும். ஓரிரவு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து பார்த்தபோது, இரண்டு கட்டைவிரல்களும் கீழ்ஸ்தாயியில் ஒரே தொடரைத் திரும்பத் திரும்ப நெய்துகொண்டிருக்க, மேலே சுட்டுவிரல்கள் வேறொன்றைப் பேசிக்கொண்டிருந்தது கண்ணுக்கே தெரிந்தது. ஒரு பாட்டு முடிந்ததும் கலைஞர் நெடுநேரம் சுருதி சேர்த்தார். அவையில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. நம் சபாக்களில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேண்டீன் பக்கம் நகரும் கூட்டத்தை நினைத்துக்கொண்டேன். ஆழ்ந்து கேட்பது யாருடைய பழக்கம் என்று கட்டுரையாளரைக் கேட்கத் தோன்றுகிறது.

‘உலக இசை’ என்ற பெயரே வியாபாரிகளின் சூழ்ச்சி என்று அவர் எழுதியிருப்பதில் பாதி உண்மை இருக்கிறது. 1987 கோடையில் லண்டனில் ஒரு மதுக்கடையின் மாடியில் கூடிய சிறு இசைத்தட்டு நிறுவனத்தார், கடைகளில் தங்கள் தட்டுகளை எந்தத் தலைப்பின்கீழ் அடுக்குவது என்று புரியாமல் தவித்து, இந்தப் பெயரைப் பொதுவாக வைத்துக்கொண்டார்கள். ஆனால் அதற்குக் கால் நூற்றாண்டு முன்பே அமெரிக்கப் பல்கலைக்கழக வட்டாரத்தில் இந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ராபர்ட் பிரவுன். அவர் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்த பொருளோ நம் மிருதங்கம். நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியின் தம்பி டி. ரங்கநாதனிடம் மிருதங்கம் பயின்றவர் அவர். ரங்கநாதன் 1963 முதல் கனெக்டிகட்டில் உள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் அமெரிக்க மாணவர்களுக்கு மிருதங்கம் கற்பித்தார். பிரவுனின் தலைமையில் 1974இல் பெர்க்லியிலேயே உலக இசைக்கென ஒரு மையமும் இயங்கியது. ஆகவே இந்தச் சொல் முதலில் ஒரு மாணவர் குருவின் எதிரே உட்கார்ந்து கற்கும் முறையோடு சேர்ந்து வந்தது. கடை அலமாரிக்குப் போனது பிறகுதான். தமிழிதழ் ஒன்றில் வரும் கட்டுரை இந்தப் பகுதியை விட்டுவிட்டது எனக்கு வருத்தம்.

அவர் சொன்னதில் ஒன்றை மறுக்கமாட்டேன். அரங்கு பெரிதாகப் பெரிதாக நிரலில் துணிவு குறையும் அபாயம் எப்போதும் உண்டு. 87 பேர் அமரும் கடையில் 40 பேர் வந்தாலும் அறை நிறைந்ததுபோல் இருக்கும். 440 பேர் அமரும் இடத்தில் அதே 40 பேர் கலைஞரின் கண்ணுக்கு ஆளில்லாத கொட்டகையாகத் தெரிவார்கள். அதனால் பெயர் தெரிந்தவர்களை நோக்கி நிரல் சாய்வது இயற்கை. இதைச் சரிசெய்யக்கூடியவர்கள், தெரியாத பெயருக்கும் சீட்டு வாங்கும் இரசிகர்கள் மட்டுமே.

இங்கேதான் நம்மவர்களைப் பற்றிச் சொல்லவேண்டியிருக்கிறது. ஃப்ரீமாண்டிலும் சன்னிவேலிலும் கர்நாடக இசைக் கச்சேரி என்றால் பள்ளிக்கூட அரங்குகள் நிரம்பிவிடுகின்றன. பிள்ளைகளை வாரந்தோறும் பாட்டு வகுப்புக்கு அழைத்துப்போகிறோம். ஆனால் ஃப்ரீமாண்டிலிருந்து மாறாமல் ஒரே ரயிலில் ஏறக்குறைய முக்கால் மணியில் போய்ச் சேரக்கூடிய இந்த அரங்கில், இந்தியர் மேடையேறும் இரவுகளைத் தவிர மற்ற இரவுகளில் ஒரு தமிழ் முகத்தைப் பார்ப்பது அரிது. கச்சேரியின் கடைசியில் வரும் துக்கடாவைப் போலத்தான் பிற நாட்டு இசையை நாம் நடத்துகிறோம். இருந்தால் கேட்போம், இல்லையென்றால் குறையில்லை. தாளம் போட்டுப் பழகிய ஒரு குழந்தை, ஏழிலும் ஒன்பதிலும் பதினொன்றிலும் நடைபோடும் பல்கேரிய நடனப் பாட்டை ஒருமுறை நேரில் கேட்டால், ஏழு எண்ணிக்கை கொண்ட மிஸ்ர சாப்புத் தாளம் நம் வீட்டுச் சொத்து மட்டுமல்ல என்று தானே கண்டுகொள்ளும்.

தங்கள் இதழின் நிகழ்ச்சிப் பக்கத்தில் இப்போது கோயில் விழாக்களும் அரங்கேற்றங்களும் சபாக் கச்சேரிகளும் மட்டுமே இடம்பெறுகின்றன. ஃப்ரெய்ட், அஷ்கெனாஸ், லா பேன்யா என்ற பெர்க்லியின் இந்த மூன்று சிறு அரங்குகளின் மாத நிரலுக்கும் அதே பக்கத்தில் நான்கு அங்குலம் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். எழுத்தைச் சற்றுச் சிறிதாக்கினால் இடம் போதும்; நான் அளந்து பார்த்துவிட்டேன்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
ஃப்ரீமாண்ட், கலிஃபோர்னியா