வியாபாரக் காட்சிகளைத் தள்ளிவிடாதே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

‘ஸ்பைஸ் அண்ட் உல்ஃப்’ என்ற அனிமேயை, அந்த ஜப்பானிய அனிமேஷன் தொடரை, நான்காவது எபிசோடோடு நிறுத்திவிட்டதாகச் சொன்னாய். காதல் கதை என்று நம்பி உட்கார்ந்தால் வட்டியும் முதலும் பேசுகிறார்கள், ஓநாய்ப் பெண் வரும் இடங்களை மட்டும் பார்த்துவிட்டு வியாபாரப் பேச்சையெல்லாம் ஓட்டித் தள்ளினேன் என்றாய். உன்னைப் போலவே சொன்னவர்கள் பலரை எனக்குத் தெரியும். ஒன்றும் நடக்கவில்லை என்பார்கள், வண்டியில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கிறார்கள் என்பார்கள், கையைக்கூடப் பிடிக்கவில்லை என்பார்கள். அவர்களிடம் நான் வாதாடியதில்லை. நீ என் தம்பி. உன்னை அப்படி விட்டுவிட எனக்கு மனமில்லை.

சொல்ல வந்தது ஒன்றுதான். நீ ஓட்டித் தள்ளிய இடங்களில்தான் காதல் இருக்கிறது.

கதாநாயகன் லாரன்ஸ் யார் என்று முதலில் யோசித்துப் பார். வயது இருபத்தைந்து. பதினெட்டு வயதிலிருந்து தனியாக வண்டி ஓட்டி ஊர் ஊராக விற்று வாங்குகிறவன். பேச ஆளில்லாமல் குதிரையோடு பேசப் பழகிவிட்டவன். என்றாவது ஒரு நகரத்தில் சொந்தமாகக் கடை வைக்க வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு கனவு இல்லை. அவனுக்குத் தெரிந்த ஒரே மொழி கொடுக்கல் வாங்கல். இப்படிப்பட்டவன் ஒருத்தியை நேசித்தால் அதை எந்த மொழியில் சொல்வான்? கவிதையிலா?

அந்த ஓநாய்ப் பெண் ஹோலோவை எடுத்துக்கொள். பாஸ்லோ என்ற கிராமத்தின் கோதுமை வயலில் பல நூறு ஆண்டுகள் இருந்த ஓநாய்த் தெய்வம் அவள். ஜெர்மானியக் கிராமங்களில் அறுவடையின்போது தானியத்துக்குள் ஓர் ஓநாய் இருக்கிறது, அது கடைசிக் கதிர்க்கட்டில் வந்து ஒளிகிறது என்ற நம்பிக்கை உண்மையாகவே இருந்தது. கதை அந்த வேரிலிருந்துதான் முளைத்திருக்கிறது. எப்போதோ ஒருவனுக்குக் கொடுத்த வாக்குக்காக அந்த நிலத்தை அவள் விளைய வைத்தாள். மண் களைத்துப்போன ஆண்டுகளில் அதற்கு ஓய்வு தர விளைச்சலைக் குறைத்தாள். ஊரார் அதைத் தெய்வத்தின் கிறுக்குத்தனம் என்றார்கள். புதிய பயிர் முறைகள் வந்த பிறகு அவள் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. வாக்குக் கொடுத்தவள் காப்பாற்றினாள், வாங்கியவர்கள் மறந்துவிட்டார்கள். அந்தக் கசப்போடுதான் லாரன்ஸின் வண்டியில் இருந்த கோதுமைக்குள் ஏறிக்கொண்டு, வடக்கே தன் சொந்த ஊரான யோய்ட்சுக்குப் போக வேண்டும் என்கிறாள். வாக்கைக் காப்பாற்றுகிற மனிதன் உண்டா என்பதுதான் அவளுடைய கேள்வி. அதற்கு விடை கிடைக்கக்கூடிய இடம் சந்தையும் கடன் பத்திரமும்தான்.

நீ நிறுத்திய இடத்துக்கு வருகிறேன். மழைக்கு ஒதுங்கிய தேவாலயத்தில் ஒரு பையன் லாரன்ஸிடம் வந்து, ஒரு வெள்ளி நாணயத்தில் வெள்ளியின் அளவு கூடப்போகிறது என்று ரகசியம் சொல்கிறான். நீ இதைப் புரியாத கணக்கு என்றாய். புரிந்துகொள்வது கடினமில்லை. அன்றைய நாணயத்தின் மதிப்பில் ஒரு பங்கு அதில் இருக்கும் வெள்ளி, இன்னொரு பங்கு அதை வெளியிட்ட அரசின் மேல் மக்களுக்கு இருக்கும் நம்பிக்கை. வெள்ளி கூடும் என்று முன்கூட்டியே தெரிந்தவன் இன்றைக்கு வாங்கி வைத்தால் நாளைக்கு லாபம். ஹோலோ நாணயங்களைக் குலுக்கி, அவற்றின் ஓசையைத் தன் ஓநாய்க் காதுகளால் கேட்டே சொல்லிவிடுகிறாள்: வெள்ளி கூடவில்லை, குறைந்துகொண்டே வருகிறது. அரசுக்குப் பண நெருக்கடி. சரித்திரத்தில் இது நடந்திருக்கிறது. இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி 1544 முதல் வெள்ளி நாணயத்தில் செம்பைக் கூட்டிக்கொண்டே போனார். நாணயம் தேயத் தேய அரசரின் மூக்கில் செம்பு தெரிந்தது, மக்கள் அவருக்குச் செம்புமூக்கர் என்று பட்டமே வைத்தார்கள்.

இந்த நாணய விவகாரத்தில் ஹோலோ கடத்தப்படுகிறாள். லாரன்ஸ் காயப்படுகிறான். பாதாளச் சாக்கடையில் அவள் முதன்முறையாகத் தன் பேருருவத்தை, வீட்டளவு ஓநாயாக, அவன் கண்முன் எடுக்கிறாள். அவன் ஒரு கணம் பின்வாங்கிவிடுகிறான். அவள் அதைப் பார்த்துவிடுகிறாள். காப்பாற்றி முடித்ததும் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி நடக்கிறாள். அப்போது அவன் என்ன கத்துகிறான் தெரியுமா? நீ கிழித்துப்போட்ட துணி என் காசில் வாங்கியது, அந்தக் கடனை வசூலிக்க வடக்கு எல்லை வரைக்கும் உன்னைத் துரத்தி வருவேன் என்கிறான். போகாதே என்று சொல்லத் தெரியாதவன் கடன் பாக்கி இருக்கிறது என்கிறான். பிறகு அவன் கண்விழிக்கும்போது, அவன் பெயரில் உடையும் சீப்பும் வண்டி நிறைய ஆப்பிளும் வாங்கி ஒருத்தி பற்று எழுதி வைத்திருக்கிறாள் என்று கணக்கு வருகிறது. கடனைப் பெருக்கிக்கொண்டிருக்கிறாள், அடைத்து முடியும்வரை கூடவே வர வேண்டும் என்பதற்காக! இதைவிட அழகாக ஒரு பெண் சம்மதம் சொன்ன காட்சியை அனிமேயில் நான் பார்த்ததில்லை. நாணயக் கதையைத் தள்ளிவிட்டுப் பார்க்கிறவனுக்கு இது வெறும் ஆப்பிள்தான்.

நம் அக இலக்கியத்தைப் பள்ளிக்கூடத்தில் படித்தவன் நீ. பொருள்வயிற் பிரிவு என்று ஒரு துறையே இருக்கிறது. தலைவன் பொருள் தேடப் போகிறான், பாலையின் வெயிலில் அவன் நடக்க, வீட்டில் தலைவி மெலிகிறாள். பணத்துக்கும் காதலுக்கும் என்ன சம்பந்தம் என்று தமிழ் படித்தவன் கேட்கலாமா? இந்த அனிமேயின் மூலக்கதையை எழுதிய ஹசெகுரா இசுனாவிடம் எனக்குப் பிடித்தது, பொருள் தேடப் போகிறவனின் வண்டியிலேயே அவளும் ஏறிக்கொண்டதுதான். பிரிவு என்ற துயரம் வெளியே இல்லாமல் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரே இருக்கையில் உட்கார்ந்திருக்கிறது. அவன் எழுபது வயது வாழலாம். அவளுக்கு அது ஒரு பொழுது. அவர்கள் ஒருநாளும் இதைத் தலைப்புப் போட்டுப் பேசுவதில்லை. பயணம் எங்கே முடியும் என்று மட்டும் இருவரும் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

இரண்டாவது கதையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீ அதுவரை வரவே இல்லை. லாரன்ஸ் ஒரு கடையில் மிளகு விற்கப் போகிறான். கடைக்காரர் தராசில் நிறுக்கிறார். தட்டுகள் சரியாகத்தான் நிற்கின்றன. பக்கத்தில் நிற்கும் ஹோலோ, தலைசுற்றுகிறதோ என்னவோ, மேசை சாய்ந்திருப்பதுபோல் தோன்றுகிறதே என்கிறாள், மிகவும் அப்பாவியாக. கடைக்காரர் முகம் வெளுக்கிறது. தராசில் குற்றமில்லை, மேசையைத்தான் சாய்த்து வைத்திருக்கிறார். மாட்டிக்கொண்டவரை மடக்கி, லாரன்ஸ் தன் கைப்பணத்துக்கு மீறிக் கடனில் போர்க்கவசங்களை வாங்குகிறான். இருவரும் சிரித்துக்கொண்டே கிளம்புகிறார்கள். நாமும் சிரிக்கிறோம். அடுத்த நகரத்துக்குப் போனால் வடக்குப் படையெடுப்பு நின்றுபோயிருக்கிறது, கவசத்தை வாங்க ஆளில்லை. அவர்களுடைய கெட்டிக்காரத்தனமே அவன் கழுத்தில் கடனாக விழுகிறது.

அதற்குப் பிறகு வரும் காட்சியை நான் எத்தனை முறை பார்த்தாலும் நெஞ்சு கனக்கிறது. கெடுவுக்குள் பணம் புரட்ட, தெரிந்த வியாபாரிகள் வீட்டுக் கதவையெல்லாம் தட்டுகிறான். ஹோலோவும் கூடவே வருகிறாள். கடன் கேட்க வந்தவன் ஒரு பெண்ணையும் கூட்டிக்கொண்டு சுற்றுகிறானே என்ற எண்ணம் ஒவ்வொரு முகத்திலும் ஓடுகிறது, கதவு சாத்தப்படுகிறது. அவன் நடை வேகமாகிறது. என்ன ஆயிற்று என்று அவள் கை நீட்டுகிறாள். அவன் அதைத் தட்டிவிடுகிறான். நீ மட்டும் இல்லாதிருந்தால் என்று ஆரம்பித்து, சொல்லிவிட்ட பிறகுதான் தான் சொன்னது அவனுக்கே உறைக்கிறது. கடன் நெருக்கும்போது வீட்டுக்குள் என்ன பேச்சு வரும் என்று தெரிந்தவர்களுக்கு இந்தக் காட்சியில் மாயம் எதுவும் இல்லை. மனிதர்கள் இப்படித்தான் உடைகிறார்கள். கவச விலை சரிந்த கணக்கைக் கவனிக்காதவனுக்கு அந்தத் தட்டிவிட்ட கையின் வலி எப்படிப் புரியும்?

அடுத்து, கும்மெர்சுன் என்ற நகரத்தில் நடக்கும் கதையில் அமாத்தி என்று ஓர் இளம் மீன் வியாபாரி வருகிறான். ஹோலோ கடனுக்குக் கட்டுப்பட்டு லாரன்ஸோடு அலைகிறாள் என்று நம்பி, ஆயிரம் வெள்ளி நாணயம் கொடுத்து அவளை மீட்டு மணந்துகொள்வேன் என்று ஊரறியச் சவால் விடுகிறான். அவர்களுக்குள் விளையாட்டாகவும் உயிராகவும் இருந்த அதே கடனை ஒருவன் நிஜமாகவே அடைக்க வருகிறான்! கூடவே பைரைட் என்ற, தங்கம்போல் மின்னும் கல்லுக்கு ஒரு சூதாட்ட மோகம் பரவி விலை ஏறிக்கொண்டே போகிறது. லாரன்ஸுக்குக் கல்லின் விலையைவிட அவள் மனம்தான் தெரியவில்லை. அவன் அவளைச் சந்தேகிக்கிறான். அவளோ கடைசிவரை அவன் பக்கம்தான் நிற்கிறாள். முடிவில் அவளுக்கு வருகிற கோபத்தைப் பார், அவ்வளவு நியாயமான கோபம்.

மற்றவர்கள் சொல்வதில் எனக்கு உடன்பாடுள்ளவையும் உண்டு. முதல் எபிசோடில் அவள் ஆடையின்றித் தோன்றுவதை இத்தனை நேரம் காட்டியிருக்கத் தேவையில்லை என்று சொல்லும் தோழிகள் சரியாகத்தான் சொல்கிறார்கள். அங்கேயே முகம் சுளித்துப் பலர் எழுந்துவிடுகிறார்கள், எவ்வளவு நஷ்டம்.

பழையதா புதியதா என்ற சண்டையிலும் எனக்குக் கருத்து இருக்கிறது. 2008-இல் வந்த முதல் தொடர், 2009-இல் வந்த அதன் தொடர்ச்சி, 2024-இல் மீண்டும் முதலிலிருந்து எடுக்கப்பட்டது என்று மொத்தம் மூன்று. லாரன்ஸுக்கும் ஹோலோவுக்கும் அதே ஃபுகுயாமா ஜுன், கோஷிமிசு ஆமி இருவருமே புதியதிலும் குரல் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பதினைந்து ஆண்டு முதிர்ச்சி அவர்கள் குரலில் கேட்கிறது, குறிப்பாக ஹோலோ கேலி செய்யும்போது. மூலக்கதையில் யாரெய் என்ற கிராமத்து ஆளாக இருந்தவனை 2008-இல் குளோயி என்ற பெண்ணாக மாற்றினார்கள். புதியதில் யாரெய் திரும்பிவிட்டான். குளோயி இருந்தபோது லாரன்ஸுக்கு விட்டுவர ஓர் உறவு இருந்தது, அதனால் கதைக்குக் கூர்மை கூடியது என்று பழைய ரசிகர்கள் வாதிடுகிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. லாரன்ஸின் தனிமை முழுமையாக இருந்தால்தான் குதிரையோடு பேசுகிற அந்த மனிதன் நம்பும்படி இருக்கிறான். ஆனால் ஒன்று, பழையதில் அந்தி வெளிச்சத்துக்கு ஒரு மண்வாசனை உண்டு. புதியது பளிச்சென்று இருக்கிறது. சந்தைத் தெருவின் அழுக்கும் கூட்டமும் பழையதில்தான் எனக்கு நிஜமாகத் தெரிந்தன. புதியதற்குப் பெரிய பலம், 2009-இல் தாண்டிப்போன தெரெயோ கிராமக் கதையை எடுத்திருப்பது. நல்ல கோதுமையில் நச்சுக் கோதுமை கலக்கும் கதை அது. கோதுமைத் தெய்வமாக இருந்தவளுக்கு அங்கே வேலை இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

காதலை வாய்விட்டுச் சொல்லவே மாட்டார்களா என்று கேட்டாய். சொல்கிறார்கள். 2009 தொடரின் கடைசியில், லெனோஸ் என்ற தோல் வியாபார நகரத்தில். ஹோலோவை அடகாக வைத்துப் பெருந்தொகை கடன் வாங்கித் தோல் வாங்குகிறார்கள். கடை வைக்கும் அவன் கனவு கைக்கெட்டும் தூரத்தில் வருகிறது. அங்கே அவன் எதை விட்டுக்கொடுத்து எதை மீட்கிறான் என்பதை நீயே பார்த்துக்கொள். அந்தச் சொல் வரும்போது அதன் விலை என்ன என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதுவரை அவன் எண்ணிய ஒவ்வொரு காசையும் நீ கூடவே எண்ணியிருந்தால்தான் தெரியும்.

அந்தத் தொடர் அதோடு நின்றுபோய் ரசிகர்களைப் பதினைந்து ஆண்டுகள் காக்க வைத்தது. மூலக்கதை 2011-இலேயே பதினேழு தொகுதிகளில் முடிந்துவிட்டது, பிறகும் ஹசெகுரா இவர்களை வைத்து எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்.

இப்போது நீ செய்ய வேண்டியது: புதிய தொடரை நான்காவது எபிசோடிலிருந்து திரும்பத் தொடங்கு. நாணயப் பேச்சு வரும் இடத்தில் புரியவில்லை என்றால் நிறுத்தி எனக்குத் தொலைபேசியில் பேசு, விளக்குகிறேன். புதியதன் இருபத்தைந்து எபிசோடும் முடிந்ததும் 2009 தொடரின் பிற்பகுதிக்குப் போ. அமாத்தி உனக்குப் பிடித்திருக்கிறதா என்று எனக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். எனக்கு அவன் மேல் கோபமே வந்ததில்லை. பலரும் அவனைத் திட்டுகிறார்கள். நீ யார் பக்கம் என்று பார்க்கிறேன்.

அன்புடன்,
அக்கா